போரிடும் நாடு கிறிஸ்தவ நாடாக இருக்க முடியுமா?
செங்கல்பட்டுச் சீமையின் வரலாறு தரும் சான்றுகள்

சென்னையிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே செல்பவர் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை ஆகிய ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடப்பர். இவற்றுள் மாமல்லபுரத்தைப் பல்லவரின் கற்கோயில்களுக்காக உலகம் அறியும். மற்ற மூன்று ஊர்களும் கோட்டைகளால் பெயர் பெற்றவை. கோவளத்திலும் ஆலம்பரையிலும் பிரெஞ்சுக்காரர் கொடி பறந்தது. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டினர். அவர்களுடைய எழுத்துப் பொறித்த கல்லறைகளை இன்றும் அக்கோட்டைக்குள் காணலாம். சென்னைப் பட்டினத்தில் ஆங்கிலேயர் இருந்தனர். இம்மூன்று நாட்டாரும் கிறிஸ்துவை வணங்கியவர்களே. பிரெஞ்சுக்காரர் கத்தோலிக்கர், டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் சீர்திருத்தச் சபையினர். ஆயினும் இக்கடற்கரை மக்கள் இவர்களை முதன்முதலில் அறிந்தது ஒருவரை ஒருவர் கொல்லும் பகைவர்களாகத்தான். நற்செய்தி நமது சேரிகளுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே கிறிஸ்தவ நாடுகளின் பீரங்கிகள் நமது கரைக்கு வந்துவிட்டன.

1752ஆம் ஆண்டு இராபர்ட் கிளைவ், புதிதாய்ச் சேர்ந்த 200 ஐரோப்பியரையும் 500 சிப்பாய்களையும் கொண்டு கோவளத்தைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்தார். அதையடுத்துச் செங்கல்பட்டுக் கோட்டையும் வீழ்ந்தது. அந்த 500 சிப்பாய்களின் பெயர்களுள் ஒன்றையேனும் நமது பாடப் புத்தகங்களில் காணோம். எதிரணியில் நின்ற சிப்பாய்களின் பெயர்களும் அவ்வாறே மறைந்தன. இருபுறமும் இந்நாட்டார் நின்று, தமக்குச் சற்றும் தொடர்பில்லாத இரு அரசர்களின் வழக்கைத் தம் இரத்தத்தால் தீர்த்துக்கொடுத்தனர்.

இவ்விடத்தில் பலரும் அறியாத ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் வேண்டும். 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச ஒப்புக்கொண்டனர். இரு சாராருக்கும் பொதுவான இடமாக டச்சுக்காரரின் சதுரங்கப்பட்டினம் தெரிந்தெடுக்கப்பட்டது. ஆங்கிலேயர் தரப்பில் வந்த இருவருள் ஒருவர் இராபர்ட் பாக். இவர் கடற்படையில் குருவாக இந்தியாவுக்கு வந்தவர், பின்னாளில் சென்னையின் கவர்னராக உயர்ந்தவர். நாம் பாக் நீரிணை என்று சொல்லும் கடலுக்கு இவர் பெயரே இடப்பட்டுள்ளது. பிரெஞ்சுக்காரர் தரப்பில் வந்தவர்களுள் ஒருவர் இயேசு சபையின் தலைமைக் குருவான லவோர் பாதிரியார். இரு தரப்பிலும் குருமார் அமர்ந்து, மூன்றாவது கிறிஸ்தவ நாட்டின் கூரையின் கீழ் நடத்திய சமாதானப் பேச்சு அது! பேச்சு எதைப்பற்றி நடந்தது? கர்நாடகத்தின் நவாபு யார், எவரிடம் உள்ள மொகலாயப் பட்டயம் உண்மையானது, எவரிடம் உள்ளது போலி என்பதைப்பற்றியே நடந்தது. சில நாட்களில் பேச்சு முறிந்தது, போர் தொடர்ந்தது. அப்பேச்சிலும் வயலில் உழுதவரைப் பற்றியோ, படைக்கு மாடும் தானியமும் இழந்தவரைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

பின்னர் 1781இல் ஆங்கிலேயரே சதுரங்கப்பட்டினத்தை டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். அடுத்த ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் அவ்வூரின் கடலில் ஆங்கிலேயக் கடற்படையும் பிரெஞ்சுக் கடற்படையும் மோதின. வெற்றி தோல்வியின்றி முடிந்த அச்சண்டைக்குச் சதுரங்கப்பட்டினச் சண்டை என்றே பெயர். இவற்றுக்கிடையே, 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் ஐதர் அலியின் படை ஆங்கிலேயப் படையொன்றை முற்றாக அழித்தது. அப்போர் செங்கல்பட்டு ஜாகீரையே பாழாக்கிற்று. ஏரிகள் உடைந்தன, ஊர்கள் வெறிச்சோடின, பஞ்சம் சூழ்ந்தது. பஞ்சம் வந்தால் முதலில் சாவது யார் என்பதை இம்மலரைப் படிப்போருக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி நம்மவர் பட்டாளத்தில் சேர்ந்த காரணத்தை ஆராய்வோம். கும்பினியாரின் சென்னைப் படையில் தொடக்கம் முதலே, அரசாங்க ஏடுகள் பறையர் என்று குறிப்பிடும் நம் முன்னோர் கணிசமான அளவில் இருந்தனர். பின்னர்ச் சுரங்கப் பணியும் பாலம் அமைக்கும் பணியும் புரிந்த சென்னைச் சாப்பர்ஸ் படையிலும் அவர்கள் சிறந்து விளங்கினர். அப்படையினரைப் பிற மாநிலத்தாரும் 'தம்பிகள்' என்றே அன்புடன் அழைப்பது வழக்கம். அரசபக்தியால் இவர்கள் சேர்ந்தனர் என்று வெள்ளையர் எழுதினர். கூலிக்காக அந்நியனுக்கு அடிமைப்பட்டனர் என்று நம் நாட்டவருள் சிலர் எழுதினர். இரண்டும் பாதி உண்மைகூட ஆகா. ஊருக்குள் செருப்பணிந்து நடக்க உரிமையற்றிருந்தவனுக்குப் பட்டாளம் பூட்சு தந்தது. களத்துமேட்டில் நெல்லாகவும் வசையாகவும் கூலி பெற்றவனுக்கு மாதந்தோறும் காசாகச் சம்பளம் தந்தது, முதுமையில் பென்ஷன் தந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக எழுத்துத் தந்தது. டாக்டர் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகவும் இராணுவப் பள்ளியின் தலைமையாசிரியராகவும் இருந்தவர் என்பதை நம் இளைஞர்கள் மறக்கலாகாது. கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழா மலரில் இதனை அழுத்திச் சொல்வது பொருத்தமே. இந்த நாட்டில் தாழ்த்தப்பட்டோரின் முதல் தலைமுறைக் கல்விக்குப் பாசறைப் பள்ளியும் மிஷன் பள்ளியும் ஆகிய இரண்டு வாசல்களே திறந்திருந்தன.

அந்த முதல் வாசலும் நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1881 முதல் சென்னைப் படைக்கும், 1885 முதல் இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாயிருந்த இராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டார் போர்க்குடியினர் அல்லர் என்னும் கொள்கையுடையவர். சாதியையே வீரத்துக்கு அளவுகோலாக்கிய அக்கொள்கையால் சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கும் 1890களில் படையின் கதவு அடைக்கப்பட்டது. பயன்பட்ட வரையில் வீரன், பின்னர்த் தீண்டத்தகாதவன்! வெள்ளையர் இங்கே சாதியைக் கண்டுபிடிக்கவில்லை எனினும், இருந்த சாதிக்கு அரசாங்க முத்திரையிட்டுக் கொடுத்தனர்.

இரண்டாம் வாசலைப் பற்றியும் நன்றியோடு பேசவேண்டும். செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ பாதிரியார், நிலமற்ற நம் மக்களின் நிலையைப் பத்திரிகைகளிலும் அரசிடத்திலும் எடுத்துரைத்தார். மாவட்டக் கலெக்டர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாக 1892இல் பிறந்த அரசாணையே இன்று நாம் பஞ்சமி நிலம் என்று பேசுவதன் வேர். இரட்டைமலை சீனிவாசனாரை ஈன்றதும் இதே மாவட்டம். சமாதானப் பிரபுவின் பெயரால் வந்தவர்கள் நம் சேரிக்குள் நடந்து வந்து, திண்ணையில் அமர்ந்து, நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர். ஆகவேதான் 1914ஆம் ஆண்டின் அதிர்ச்சி நம் மக்களுக்கு மற்றவர்களைவிட ஆழமானதாக இருந்திருக்க வேண்டும்.

அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 1910இல் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடிற்று. ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து, இத்தலைமுறையிலேயே உலகனைத்துக்கும் நற்செய்தி சொல்லப்படும் என நம்பினர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வேதநாயகம் அசரியா அங்கே எழுந்து, எங்களுக்கு வேண்டியவர் எசமானர்கள் அல்லர், நண்பர்களே என்னும் பொருள்படப் பேசியபோது அவையில் பலர் முகம் சுளித்தனர். 1914 ஆகஸ்டில் அந்த மண்டபத்தார் இரு கூறாயினர். ஜெர்மன் இறையியலாளர் வெளிநாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு ஓர் அறிக்கை விடுத்து, தம் நாட்டின்மீது குற்றமில்லை என வாதாடினர். ஆங்கிலேயப் பேராயர் உள்ளிட்டோர் மறுப்பு விடுத்துத் தம் நாட்டின்மீது குற்றமில்லை என்றனர். ஜெர்மன் அறிக்கையில் ஒரு வருத்தமும் இருந்தது. புதிதாய்க் கிறிஸ்தவரான ஆசிய ஆப்பிரிக்க மக்கள் இந்தச் சண்டையைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்பதே அது. நம்மைப் பற்றித்தான் அவர்கள் கவலையுற்றனர். ஆனால் நம்மிடம் எவரும் கேட்கவில்லை.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. நகர மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறினர். 'எம்டன்' என்னும் சொல் இன்றும் நம் பேச்சில் பொல்லாதவனைக் குறிக்கிறது. அதே சென்னையிலும் தரங்கம்பாடியிலும் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த ஜெர்மன் பாதிரிமார் பள்ளிகளையும் ஆலயங்களையும் நடத்தி வந்தனர். ஒரே வாரத்தில் அவர்கள் 'ஐயா' என்னும் நிலையிலிருந்து 'எதிரி நாட்டான்' என்னும் நிலைக்கு மாறினர். சிலர் அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டனர். 1915-16இல் கோல்கொண்டா என்னும் கப்பலில் ஏற்றிப் பலர் நாடு கடத்தப்பட்டனர். ஒரு கிறிஸ்தவ அரசு, வேறொரு கிறிஸ்தவ நாட்டின் குருமாரைச் சிறைப்படுத்திற்று. அவர்களிடம் திருமுழுக்குப் பெற்றவர் மேய்ப்பரின்றி நின்றனர். போரில் சேராத ஸ்வீடன் நாட்டுச் சபை அவர்கள் பணியை ஏற்றுக்கொண்டது. 1919 ஜனவரி 14ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னுரிமையுடைய சபையாக உருவாயிற்று. போர் வெள்ளைக்காரப் பாதிரியாரை அகற்றியதால்தான் தமிழருக்குச் சபையின் பொறுப்பு இவ்வளவு விரைவில் கிட்டியது என்பது வரலாற்றின் விசித்திரம்.

அந்தப் போரில் சென்னை மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 92,000 பேர் திரட்டப்பட்டனர். அவருள் ஏறத்தாழ 41,000 பேர் துப்பாக்கி ஏந்தாத பணியாளர். மூட்டை சுமந்தவர், சாலை போட்டவர், காயம்பட்டோரைத் தூக்கியவர், சமைத்தவர், கழிவகற்றியவர் ஆகியோர் இவர்கள். போர்க்குடியல்லர் என ஒதுக்கப்பட்டவர்களைப் போர் முற்றியதும் அரசு மீண்டும் தேடி வந்தது. நம் மாவட்டத்து வாலாஜாபாத்தின் பெயரைத் தாங்கிய காலாட்படைப் பிரிவு ஒன்று 1794 முதல் இருந்தது. போர் முடிந்த சில ஆண்டுகளில் அதுவும் ஏனைய சென்னைக் காலாட்படைப் பிரிவுகளும் கலைக்கப்பட்டன. 1933இல் சென்னைப் பயனியர் படையும் கலைந்தது. ஊரிலோ 1918இல் விலைவாசி ஏறித் தானியக் கலகங்கள் நிகழ்ந்தன, விஷக் காய்ச்சல் ஊர் ஊராக வாரிக்கொண்டு போயிற்று. அகிம்சை அண்ணலான காந்தியடிகளே அவ்வாண்டில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் திரட்டினார் என்பதை இங்கே குறிப்பிடுவது, எவரையும் குறை கூறுவதற்கன்று. போர்க்காலத்தில் தெளிவு எவ்வளவு அரிது என்பதைக் காட்டவே.

அடுத்த போருக்கு முன் நம் மண்ணிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி, நாம் எடுத்துக்கொண்ட வினாவை நேரே தொடுகிறது. 1938 டிசம்பரில் தாம்பரத்தில், அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்குக் குடிபெயர்ந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், சர்வதேச மிஷனரி மன்றத்தின் உலக மாநாடு கூடிற்று. தாம்பரம் அன்று செங்கல்பட்டு மாவட்டம். 2019இல் மாவட்டங்கள் மறுபடியும் பிரிக்கப்பட்டபோதும் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே அமைந்தது. இம்மாநாடு உண்மையில் சீனத்தில் கூட வேண்டியது. ஜப்பான் சீனத்தின்மீது படையெடுத்ததால் இடம் மாற்றப்பட்டது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 470 பேர் வந்தனர். அதுவரை நடந்த இத்தகைய மாநாடுகளில் ஆசிய ஆப்பிரிக்கத் திருச்சபைகளின் பிரதிநிதிகள் இவ்வளவு பெருந்தொகையாக இடம்பெற்றதில்லை. ஜான் மாட் தலைமை தாங்கினார்.

ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் இட்லரின் ஆட்சியிலிருந்து வந்தவர்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான், நவம்பரில், அந்நாட்டில் யூதரின் தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டிருந்தன. சீனப் பிரதிநிதிகளுக்குத் தலைமை ஏற்று வந்த அம்மையார் வூ ஈ-ஃபாங், நான்கிங் நகரப் பெண்கள் கல்லூரி ஒன்றின் தலைவி. அந்நகரில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலை நிகழ்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஜப்பானிலிருந்து வந்தவர்களுள் ககாவா தொயோஹிகோ ஒருவர். கோபே நகரத்தின் சேரியில் ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்து தொண்டு செய்தவர். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆல்பர்ட் லுத்துலி வந்திருந்தார். நிறவெறிக்கு எதிராகப் போராடி 1960ஆம் ஆண்டுக்குரிய நோபல் அமைதிப் பரிசு பெற்றவர் அவரே. நம் மண்ணில் அமர்ந்து அவர் கற்றுச் சென்றது ஏதேனும் இருக்குமாயின் அது நமக்குப் பெருமை.

அந்தக் கூட்டத்தாருள் ஜப்பானியரும் சீனரும் ஒன்றாக மண்டியிட்டு மன்றாடினர். இதனை வெறும் நாடகம் என்று தள்ளுவது எளிது. ஒன்பது மாதம் முடியுமுன் ஐரோப்பாவில் போர் மூண்டது, ஜெர்மன் பாதிரிமார் இந்தியாவில் மீண்டும் முகாம்களில் அடைக்கப்பட்டனர் என்பவை உண்மையே. ஆனால் ககாவா 1940இல், தம் நாடு சீனத்துக்குச் செய்த தீங்குக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டதனால் கைது செய்யப்பட்டார் என்பதும் உண்மை. ஜப்பான் கிறிஸ்தவ நாடன்று. இங்கிலாந்தும் ஜெர்மனியும் கிறிஸ்தவ நாடுகள் எனப்பட்டவை. கிறிஸ்து கற்பித்ததைப் போர் நடுவே ஒருவர் செய்தார், அவர் கிறிஸ்தவமல்லாத நாட்டின் குடிமகன். நாடு செய்யவில்லை, மனிதர் செய்தார். நமது வினாவுக்குரிய விடையின் முதற் பகுதி இங்கேதான் கிடைக்கிறது என்பது என் துணிபு.

இரண்டாம் பகுதி இத்தாலியில் கிடைக்கிறது. வாலாஜாபாத்துக்கு அருகே, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கியுள்ள கீழ்ஒட்டிவாக்கம், அன்று செங்கல்பட்டு மாவட்டத்துச் சிற்றூர். அவ்வூர்க்காரர் சுபேதார் சுப்பிரமணியன், சென்னைச் சாப்பர்ஸ் படையில் பணியாற்றினார். 1944 தொடக்கத்தில் அவருடைய பிரிவு நான்காம் இந்திய டிவிஷனுடன் கசினோ மலைமுனையில் இருந்தது. அம்மலையுச்சியில் ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் நிறுவிய மடம் நின்றது. ஐரோப்பியத் துறவு வாழ்வின் தாய்வீடு என அதனைச் சொல்வர். அம்மடத்தைப் பகைவர் அரணாகக் கொள்வர் என அஞ்சிய நேசநாட்டுத் தளபதிகள், பிப்ரவரி 15ஆம் நாள் வானிலிருந்து குண்டு பொழிந்து அதைத் தரைமட்டமாக்கினர். மடத்தில் அடைக்கலம் புகுந்திருந்த பொதுமக்கள் பலர் மாண்டனர். பின்னர் ஜெர்மானியர் அந்த இடிபாடுகளையே அரணாக்கிக்கொண்டனர். ஜெர்மன் தரைப்படைச் சிப்பாய்களின் இடைவார்ப் பூட்டில் 'கடவுள் நம்முடன்' என்று பொறித்திருந்தது. மறுபக்கத்தில் இங்கிலாந்து மன்னரோ 1940 முதலே தேசிய மன்றாட்டு நாட்களை அறிவித்து வந்தார். இரு தரப்பும் ஒரே கடவுளை அழைத்துக்கொண்டே அவருடைய பழம்பெரும் இல்லமொன்றை இடித்தன.

ஒன்பது நாட்களுக்குப் பின், பிப்ரவரி 24ஆம் நாள், மலைக்குத் தெற்கே மின்யானோ என்னும் இடத்தில் கண்ணிவெடி அகற்றும் பணி நடந்தது. கண்ணியொன்று மிதிபட்டது. மிதித்தவுடன் வெடிக்காமல், சில நொடி தாழ்த்து மேலெழும்பி வெடித்துச் சுற்றியுள்ளார் அனைவரையும் சாய்க்கும் வகை அது. அந்தச் சில நொடிகளில் என்ன நேரப்போகிறது என்று அறிந்தவர் சுபேதார். ஓடிப் படுத்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். அவர் கண்ணியின்மேல் தம் உடலைப் போர்த்தினார். உடனிருந்தோர் பிழைத்தனர், அவர் மாண்டார். ஜார்ஜ் சிலுவை என்னும் விருது அவருக்கு மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. தில்லியில் அரசப் பிரதிநிதி வேவல் பிரபுவிடமிருந்து அதனைப் பெற்றுக்கொண்டவர் அவர் மனைவியார்.

நண்பருக்காக உயிரைத் தருவதினும் மேலான அன்பு இல்லை என இயேசு கூறியதாக யோவான் எழுதிய சுவிசேஷம் சொல்கிறது. ஐரோப்பாவின் போர் நினைவுத் தூண்களில் மிகுதியாகப் பொறிக்கப்பட்ட கருத்து இது. முருகன் பெயர் தாங்கிய செங்கல்பட்டுக்காரர் ஒருவர் அதனை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். எவரையும் கொன்று அவர் புகழ் பெறவில்லை என்பதைக் கருதிப் பாருங்கள். வெடியை அகற்றுவதே அவர் தொழில், காப்பதே அவர் செயல். அன்று அந்தக் களத்தில் கிறிஸ்துவின் சொல்லுக்கு மிக அருகே நின்றவர் யார் என்று எவரேனும் கேட்டால், மடத்தின்மேல் குண்டு வீசிய நாடுகளையோ அதன் இடிபாட்டில் பதுங்கிய நாட்டையோ நான் காட்டமாட்டேன்.

இதனால் அப்போர் நியாயமற்றது என்று நான் சொல்வதாக எண்ணவேண்டா. பிறப்பினால் மனிதரை உயர்வென்றும் தாழ்வென்றும் பிரித்து, தாழ்ந்தவரென முத்திரையிட்டோரை அழித்தொழித்த நாஜிக் கொள்கை வென்றிருந்தால் நம்மைப் போன்றோரின் கதி என்னவாகும்? டாக்டர் அம்பேத்கர் அந்தப் போரை ஆதரித்ததும், 1941இல் மகர் படைப்பிரிவு அமைவதை வரவேற்றதும், 1942 முதல் அரசப் பிரதிநிதியின் சபையில் தொழிலாளர் துறையை ஏற்றதும் இது கருதியே. நியாயமான போர் உண்டு என்பதை நான் ஒப்புகிறேன். ஆனால் போர் நியாயமானது என்பது வேறு, போரிடும் நாடு கிறிஸ்தவ நாடு என்பது வேறு. நாடு என்பது எல்லை, கருவூலம், படை ஆகியவற்றால் ஆனது. தன்னைக் காப்பதே அதன் முதற்சட்டம். தன்னை இழப்பதே சிலுவையின் சட்டம். திருமுழுக்குப் பெறுவது மனிதன், நாடன்று. நாடு மதத்தின் பெயரைச் சூடிக்கொள்ளும்போது மதம் உயர்வதில்லை, படைக்கு ஒரு கொடி கூடுகிறது. 1917 ஆகஸ்டில் போப்பாண்டவர் பதினைந்தாம் பெனடிக்ட் அப்போரைப் பயனற்ற படுகொலை எனக் கூறிச் சமாதானம் வேண்டியபோது, இருதரப்புக் கத்தோலிக்கரும் அவரைத் தமக்குப் பகைவரெனவே ஐயுற்றனர்.

இது கிறிஸ்தவருக்கு மட்டும் உரிய குற்றமன்று. வாதாபியை எரித்த மாமல்லன் கடற்கரையில் தெய்வங்களுக்குக் கோயில் குடைந்தான். அருளறம் பேசும் பௌத்தத்துக்கு அரசமைப்பில் முதன்மை இடம் தரும் இலங்கையில் 2009இல் முள்ளிவாய்க்கால் நிகழ்ந்தது. கலிங்கத்தை வென்றபின் வருந்திக் கல்லில் எழுதிய அசோகன் ஒருவனே விதிவிலக்கு. அவனும் வென்ற பின்னரே வருந்தினான், கலிங்கத்தைத் திருப்பித் தரவில்லை. மேலும் ஒன்று. அமைதிக் காலத்திலேயே ஆலயத்துள் தாழ்த்தப்பட்டோருக்குத் தனி இருக்கையும், கல்லறைத் தோட்டத்தில் நடுவே சுவரும் எழுப்பிய சபைகள் நம் நாட்டில் இருந்தன. பக்கத்தில் அமர்பவனை ஏற்காத சமுதாயம் போர்க்களத்தில் பகைவனை நேசிக்கும் என எதிர்பார்ப்பது எங்ஙனம்?

கல்லறைச் சுவர் என்றதும் நினைவேந்தலைப் பற்றிச் சொல்லவேண்டியது வருகிறது. 1917 மே 21ஆம் நாள் பிரிட்டிஷ் பேரரசு போர்க் கல்லறை ஆணையம் ஒன்றை நிறுவிற்று. பதவி, இனம், மதம் என்னும் வேறுபாடின்றி இறந்தோர் அனைவரையும் சமமாக நினைவுகூர்வதே அதன் கொள்கை. நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த சென்னைப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் அக்கொள்கையின் அழகை இன்றும் காணலாம். ஒரே அளவான வெண்கற்களும், முதற் போரில் மாண்ட 1,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறித்த நினைவுச் சின்னமும் அங்குள்ளன. ஆயின் மெசபடோமியாவில் மாண்டோருக்கென எழுந்த பஸ்ரா நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன, சாதாரண இந்தியச் சிப்பாய்களோ பிரிவுவாரியாக எண்ணிக்கையாய் மட்டும் குறிக்கப்பட்டனர். ஆணையமே அமைத்த குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இதனை ஒப்புக்கொண்டது. ஆசியர், ஆப்பிரிக்கர் முதலானோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் குறிக்கப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும், இத்தொகை 3,50,000 வரையும் இருக்கலாம் என்றும் அக்குழு கண்டது. பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. பெயர் எழுதப்படாதவர்களுள் மூட்டை சுமந்த பணியாளரே மிகுதி. ஊர்ச் சுடுகாடு வேறு, சேரிச் சுடுகாடு வேறு என்று கண்டு வளர்ந்த நமக்கு இச்செய்தி வியப்பளிக்கவில்லை. ஆனால் ஏற்றுக்கொண்டு வாளாவிருக்கவும் நாம் கடமைப்பட்டவர்கள் அல்லர்.

இதற்கு நம் சங்கத்தின் இளைஞர்கள் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. அந்த ஆணையத்தின் பதிவேடு இன்று யாவரும் காணும்படி திறந்துள்ளது. இந்தியச் சிப்பாய்களின் பதிவுகள் பலவற்றில் தந்தை பெயரோ மனைவி பெயரோ ஊர்ப் பெயருடன் குறிக்கப்பட்டிருக்கும். ஊர்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதினர். ஆகவே இன்றைய பெயரைக் கொண்டு தேடினால் அகப்படாது. 'சிங்கல்பெட்' என்ற பழைய மாவட்டப் பெயரைக் கொண்டு தேடவேண்டும். மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், உத்திரமேரூர், வாலாஜாபாத் சுற்றுப்புறத்து ஊர்களை ஒவ்வொன்றாக ஒப்பு நோக்க வேண்டும். வீடுகளில் பழைய தகரப் பெட்டிகளில் பதக்கமோ, பென்ஷன் புத்தகமோ, படையிலிருந்து விடுவித்த தாளோ இருந்தால் அதிலுள்ள எண்ணையும் பிரிவின் பெயரையும் முதலில் படியெடுத்துக்கொள்க. முதற் போரின் பதக்கங்களில் சிப்பாயின் எண்ணும் பெயரும் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். பித்தளை என்றெண்ணி எடைக்குப் போடப்பட்டவை போக எஞ்சியவை இன்னும் சில வீடுகளில் இருக்கக்கூடும்.

அவ்வாறு திரட்டும்போது கிறிஸ்தவர், இந்து, பௌத்தர் என்று பிரித்துப் பட்டியலிட வேண்டா. ஊர் வாரியாக எழுதினால் போதும். துப்பாக்கி ஏந்தியவர், மூட்டை சுமந்தவர் எனவும் பிரிக்க வேண்டா. போருக்குப் போய்த் திரும்பி வந்து, கண்டதைச் சொல்லாமலே காலமானவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்குக. மணியார்டரை எதிர்பார்த்திருந்து, அது நின்றதைக் கொண்டே கணவன் இறந்ததை அறிந்த பெண்டிர் இருப்பின் அவர்கள் பெயரையும் அந்த வரியின் அருகே எழுதுக.